விரிப்பும் விலையும்

நம் சங்கத்தின் விருந்தினர் இல்லத்தில் பத்துக் கட்டில்கள் உள்ளன. ஊரிலிருந்து தில்லியின் பெரிய மருத்துவமனைகளுக்கு நோயாளிகளுடன் வரும் குடும்பத்தார் தங்குவதற்கென்று, உறுப்பினர் சந்தாப் பணத்தில் அமைந்த இல்லம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அக்கட்டில்களுக்குப் புதிய விரிப்புகள் வாங்க வேண்டி வந்தது. அதுபற்றிச் செயற்குழுவில் எழுந்த வாதம் இரண்டு கூட்டங்களிலும் முடிந்தபாடில்லை. வாரச் சந்தையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு விரிப்புக் கிடைக்கும்போது நாலாயிரம் ரூபாய் கொடுப்பது ஊதாரித்தனம் என்றார் பொருளாளர். பகலெல்லாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று வந்தவள் இரவிலேனும் நன்றாகப் படுக்கட்டும், அதில் கணக்குப் பார்ப்பதா என்றார் மகளிர் பிரிவுத் தலைவி. இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. எனவே, விலைக்கும் சுகத்துக்கும் உள்ள உறவு யாது என்று ஆராய்ந்து கூறும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அற்பமான பொருளாயிற்றே என்று முதலில் நினைத்தோம். ஆராயப் புகுந்தபின், கடல்களையும் சட்டங்களையும் ஆலைகளையும் கடந்து வந்த நெடிய வரலாறு அவ்விரிப்பின் மடிப்புகளுக்குள் கிடப்பதைக் கண்டோம்.

தமிழர் அறிந்த மிகப் பழைய படுக்கை வருணனைகளுள் ஒன்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் உள்ளது. பாண்டிமாதேவியின் கட்டில் அது. போரில் பட்ட யானையின் தந்தத்தால் இயன்ற கால்கள்; அன்னத்தின் தூவி அடைத்த மெத்தை; இவற்றின் மேல் விரித்திருந்தது என்ன? பொன் இழையுமன்று, பட்டுமன்று. துவைத்துக் கஞ்சியிட்டு மடித்து வைத்திருந்த தூய துணி. கட்டிலின் சிறப்பை அத்தனை விரிவாகக் கூறிய புலவர், விரிப்புக்கு மட்டும் வெளுப்பையும் கஞ்சியையுமே சிறப்பாகக் கொண்டார் என்பது நம் கவனத்துக்குரியது. உடம்பு தொடுகின்ற துணிக்குத் தூய்மையே அழகு என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர் போலும். அவ்வளவு இருந்தும் அரசி உறங்கவில்லை என்பது வேறு செய்தி. கணவன் பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றிக்கொண்டிருக்கிறான், வாடைக் காற்று வீசுகிறது, அவள் விழித்திருக்கிறாள். நம் விருந்தினர் இல்லத்தின் இரவுகளை அறிந்தவர்க்கு அந்நிலை புதிதன்று.

அரண்மனைக்கு வெளியே இருந்த தமிழ்நாடு பாயில் படுத்தது. ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து உலர்த்தி முடைந்த பாய்க்கு விரிப்பு எதற்கு? வெப்ப நாட்டில் உடம்புக்கும் தரைக்கும் இடையே காற்றுப் போகும் அந்தப் பாயைவிடக் குளிர்ந்த படுக்கை இன்றும் இல்லை. திருமணத்துக்கும் விருந்துக்கும் சமுக்காளம் விரித்தார்களே அன்றி, அன்றாட உறக்கத்துக்குப் பாயும் தலையணையுமே போதுமானவையாக இருந்தன. ஆகையால் படுக்கை விரிப்பைத் தேர்ந்தெடுக்கும் கலை நம்மில் பலருக்குப் பாட்டி சொல்லித் தந்ததன்று. இங்கே வந்தபின் கற்றுக்கொண்டதே. ஊர்ப்பாயுடன் தில்லியில் இறங்கிய நம் காலனி முதியோர் முதல் சனவரி மாதத்திலேயே பாடம் கற்றனர். கயிற்றுக் கட்டிலும், அதன்மேல் தடித்த பருத்திக் கேசும், தெருவில் வில்நாண் ஒலிக்கப் பஞ்சடித்துக் கொடுக்கும் துனியாவிடம் நிரப்பிய ரஜாயும் அதன் பிறகே நம் வீடுகளுக்குள் வந்தன.

நாம் விரிப்பில்லாமல் உறங்கிய அந்த நூற்றாண்டுகளிலேயே நம் கடற்கரையிலிருந்து உலகின் கட்டில்களுக்குத் துணி சென்றுகொண்டிருந்தது. சோழமண்டலக் கரையில் எழுதியும் அச்சிட்டும் சாயமேற்றிய கட்டில் துணிகளை ஆங்கிலேயர் ‘பலம்போர்’ என்று அழைத்தனர். அச்சொல் ‘பலங்க்போஷ்’ என்பதன் திரிபு. பலங்க் என்றால் கட்டில் என்பது இங்கே நம் குழந்தைகளுக்கும் தெரியும். போஷ் என்பது போர்த்துவதைக் குறிக்கும் பாரசீகச் சொல். சாயவேரின் சிவப்பு படிகாரத்தின் உதவியாலும் அவுரியின் நீலம் அதன் உதவியின்றியும் நூலுக்குள் புகுந்து, எத்தனை சலவைக்கும் மங்காமல் நின்றதே அத்துணியின் பெருமை. அக்காலத்து ஐரோப்பியச் சாயக்காரர்க்குப் பருத்தியில் அவ்வித்தை கைவரவில்லை. 1663-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன்வாசியான சாமுவேல் பெப்பிஸ் தம் மனைவியின் அறைக்கு இந்தியச் சீட்டித் துணி வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

மக்கள் விரும்பினர், உள்நாட்டு நெசவாளர் வயிறு எரிந்தனர். பிரான்சு 1686-இல் இத்துணிகளைத் தடைசெய்து 1759 வரை அத்தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதுவும் போதாமல் 1719-இல் லண்டன் நெசவாளர் தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் தாக்கும் அளவுக்குக் கலகம் மூண்டது. 1721-இல் வந்த சட்டம் சாயமிட்ட பருத்தியை உடுப்பதை மட்டுமன்று, வீட்டில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பயன்படுத்துவதையும் குற்றமாக்கியது. படுக்கையறைக்குள் நுழைந்து துணியைச் சோதிக்கும் சட்டத்தை உலகம் அதற்குமுன் அதிகம் கண்டிராது.

இதில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. டேவிட் காரிக் என்ற புகழ்பெற்ற ஆங்கில நடிகரின் குடும்பத்துக்குக் கல்கத்தா வணிகர்கள் மசூலிப்பட்டினத்துச் சீட்டித் துணியைக் கட்டில் திரைகளுக்காகப் பரிசளித்தனர். நாடு போற்றும் நடிகராயினும் சுங்கத்தார் விடவில்லை. 1775-இல் அத்துணியைப் பறிமுதல் செய்தனர். காரிக் அதிகாரிகளுக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். அக்கட்டிலும் அதன் துணிகளும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்து, இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. காரிக் போன்ற செல்வர்கள் அவ்வண்ணத் துணிகளுக்குக் கொடுத்த பெரும்விலை எதற்கு? எழுதிய கைக்கும், சாயத்துக்கும், கடல் வழிக்கும், தடையைமீறிய துணிவுக்கும். உறக்கத்துக்கு அன்று. அவர்கள் முதுகு தொட்ட விரிப்பு, ஆளி நாரில் நெய்து வெளுத்த லினன் துணியே. கண்ணுக்கு ஒரு துணி, உடம்புக்கு ஒரு துணி என்ற இந்தப் பாகுபாட்டைக் கடைக்காரர்கள் பின்னர் மறைத்துவிட்டனர் என்பதே நம் கருத்து.

இனி, விரிப்பின் அகலத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கையால் நாடாவை எறிந்து வாங்கும் தறியில், நெசவாளியின் இரு கைகள் எட்டும் அகலமே துணியின் அகலம். அதனால் பெரிய விரிப்பு வேண்டுமானால் இரண்டு பட்டைகளை நடுவே சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. அன்றேல் ஒரு தறிக்கு இருவர் அமரவேண்டும். 1733-இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசை நாடாவை அமைத்தபின் ஒருவரே அகலத் துணியை நெய்ய முடிந்தது. சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசின் சார்பில் சேலத்தில் நெசவு ஆலை நடத்தி, இவ்வகைத் தறியைப் பரப்ப முயன்றார். நடுத்தையல் முதுகை உறுத்தாத விரிப்பு எளியோர்க்கும் கிட்டியது இத்தகைய சிறு கருவிகளால்தான்.

இயந்திரம் விலையைக் குறைத்தது. ஏமாற்றத்தையும் உடன் கொணர்ந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் திண்டாடின. சூரத்துப் பருத்தியின் குட்டை இழைகள் தறியில் அறுந்து அறுந்து விழுந்தன. இழைக்கு வலுவூட்டப் பசை மிகுதியாகத் தேவைப்பட்டது. மாவுப் பசைக்குப் பதிலாகச் சீனக்களிமண்ணைக் கலக்கும் வழக்கம் பெருகியது. போர் முடிந்தும் வழக்கம் முடியவில்லை; களிமண் பருத்தியைவிட மலிவன்றோ! எடைக்கும் தடிப்புக்கும் மண்ணைச் சேர்த்த துணி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதியாயிற்று. கடையில் விறைப்பாக நின்ற துணி முதற் சலவையில் வலையாயிற்று. பாண்டிமாதேவியின் விரிப்பில் கஞ்சி அழகுக்கு இருந்தது. இங்கே அது பொய்க்கு இருந்தது. வாரச் சந்தையில் நாம் வாங்கும் மலிவு விரிப்பின் விறைப்பும் பல வேளைகளில் இதே பசையின் விறைப்புத்தான். ஓரத்தை இரு கைகளாலும் கசக்கிப் பாருங்கள். வெண்தூள் உதிர்ந்தால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

மலிவின் பொய் இவ்வாறாயின், விலையின் பொய் வேறுவகை. இன்றைய உயர்ந்த விரிப்புகளின் உறையில் 400, 800, 1,000 என்று எண்கள் அச்சாகியிருக்கும். ஓர் அங்குலச் சதுரத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழைகள் உள்ளன என்பதே அவ்வெண். ஓரளவு வரை அது மெய்யான அளவுகோலே. மெல்லிய நூலை நெருக்கமாக நெய்தால் துணி வழுவழுப்பாகும். ஆயினும் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை நூலை அடைக்க இயலும்? எல்லை வந்ததும் வணிகர் வேறு வழி கண்டனர். இரண்டு அல்லது நான்கு மெல்லிழைகளை முறுக்கி ஒரு நூலாக்கி நெய்துவிட்டு, ஒவ்வொரு மெல்லிழையையும் தனித்தனியே எண்ணினர். 250 நூல் உள்ள துணி 1,000 இழைத் துணி ஆயிற்று! இப்படி எண்ணுவது வாங்குவோரை மயக்கக்கூடும் என்று அமெரிக்க நடுவண் வணிக ஆணைய அலுவலர்கள் 2005-இல் எழுத்து மூலம் தெரிவித்தனர். முறுக்கிய நூல்களால் துணி கனக்கும், காற்றோட்டம் குறையும். மே மாதத் தில்லியில் அத்தகைய விரிப்பில் படுப்பவர் நள்ளிரவில் எழுந்து தரையைத் தேடுவதில் வியப்பில்லை. சாதா நெசவில் 200 முதல் 300 வரை மெய்யான எண்ணிக்கை இருந்தால் நம்மைப் போன்றோர்க்கு அது போதும்.

எண்ணைவிடப் பெரிது பருத்தியின் குலம். நீண்ட இழையுடைய பருத்தியில் நூற்ற நூலுக்கு முனைகள் குறைவு. முனைகள் குறைந்தால் சிலும்பு குறையும். சலவைக்குச் சலவை மென்மை கூடும். எகிப்துப் பருத்தியின் புகழுக்குக் காரணம் இதுவே. 1820-களில் முகமது அலி ஆட்சியில் ஜுமெல் என்ற பிரெஞ்சுக்காரர் முயற்சியால் அங்கே நீளிழைப் பருத்தி பெருகியது. நம்மவரும் இதில் பின்தங்கவில்லை. கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு வகைகளை இணைத்து உருவாக்கிய ‘சுவின்’ பருத்தி 1974-இல் வெளியாயிற்று. இரு பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்தே அப்பெயர் வந்தது. உலகின் மிகச் சிறந்த நீளிழைப் பருத்திகளுள் ஒன்றாக அதனை எண்ணுவர். ஆனால் மிகச் சிறிய பரப்பிலேயே அது விளைகிறது. உயர்ந்த பருத்தி குறைவாக விளைய, அதன் பெயர் மட்டும் கடைதோறும் விளைந்தால் என்னாகும்? 2016-இல் அமெரிக்காவின் பெருங்கடை ஒன்று, ஓர் இந்திய ஆலை அனுப்பிய ஏறத்தாழ 7,50,000 விரிப்புகளும் தலையணை உறைகளும் எகிப்துப் பருத்தி என்று விற்கப்பட்டும் அப்பருத்தியால் ஆனவையல்ல என்று அறிவித்து, வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. அவற்றில் ஈராண்டு உறங்கியவர்கள் வேறுபாட்டை உணர்ந்து குறைகூறியதாக நாம் கேள்விப்படவில்லை. விலையின் ஒரு பகுதி நம் மனத்தில்தான் உறங்குகிறது போலும்!

நெசவின் வகையையும் அறிந்துகொள்வது நலம். ஓரிழை மேலும் ஓரிழை கீழுமாகச் செல்வது சாதா நெசவு. குளிர்ச்சியாகவும் மொரமொரப்பாகவும் இருக்கும். நான்கிழை மேலாகச் சென்று ஓரிழையில் இறங்குவது சாட்டின் நெசவு. பளபளக்கும், வழுக்கும், சற்று வெதுவெதுப்பாக இருக்கும். வளையலிலும் நகத்திலும் எளிதில் சிக்கி இழை இழுபடும். பாலியெஸ்டர் கலந்தது சுருங்காது, விரைவில் உலரும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் உண்மை வெளிப்படும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

விரிப்புகளை நெய்தவர்களைப் பற்றிப் படிக்கையில் நம் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அவர்களுட் பலர் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். சோலாப்பூர்ச் சாதருக்குப் பெயர் தேடித்தந்த பத்மசாலியர் தெலுங்கு நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். நமக்கு அண்மையிலுள்ள பானிபட்டின் தறிகளில் பல 1947-இல் எல்லை கடந்து வெறுங்கையுடன் வந்த நெசவாளர் ஊன்றியவை. தங்கள் கேசு நெசவையும் அவர்கள் உடன் கொண்டுவந்தனர். நம் பக்கத்துச் சென்னிமலை விரிப்புக்கும் பவானி சமுக்காளத்துக்கும் கரூர்த் துணிக்கும் இத்தகைய வாழ்வும் தாழ்வும் உண்டு. 1985-இல் நடுவண் அரசு இயற்றிய சட்டம் படுக்கை விரிப்பு உள்ளிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. முதலில் 22 ஆக இருந்த இனங்கள் பிற்பாடு 11 ஆகக் குறைந்தன. விசைத்தறித் துணியே கைத்தறி என்ற பெயரில் சந்தைக்கு வருவதும் நின்றபாடில்லை. அதற்காகவே 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. வாங்குவோர் அதைத் தேடிப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

இத்தனையும் படித்தபின் நாம் செயற்குழுவிடம் மூவகை விரிப்புகளையும் வாங்கிப் பார்ப்போம் என்று கூறினோம். சந்தை விரிப்பு நான்கு, 1,000 என்று எண் பொறித்த உயர்விலை விரிப்பு இரண்டு, எண்ணூறு ரூபாய் விலையில் சென்னிமலைக் கைத்தறி விரிப்பு நான்கு. ஈராண்டு அவற்றைப் பயன்படுத்தினோம். சந்தை விரிப்புகள் முதல் ஆறு மாதத்திலேயே நடுவே நைந்தன; ஆண்டு முடிவதற்குள் தரை துடைக்கச் சென்றன. அவற்றின் இடத்தில் மறுபடி வாங்கிய விலையையும் சேர்த்தால் மலிவு மலிவாக இல்லை என்று பொருளாளரே கணக்கெழுதிக் காட்டினார். கைத்தறி விரிப்புகள் சலவைக்குச் சலவை இழைந்து மென்மையாயின. ஆயினும் உண்மையைக் கூறவேண்டும். முதல் துவைப்பில் அவை நான்கு விரற்கடை சுருங்கின. கால்மாட்டில் மெத்தை வெளியே தெரிந்தது. சிவப்புக் கரையின் சாயம் தலையணை உறை இரண்டைக் கெடுத்தது. மகளிர் பிரிவினர் இதனை எளிதில் மன்னிக்கவில்லை.

உயர்விலை விரிப்புகளைப் பற்றி நாம் முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். கோடையில் அவை புழுங்கின. குளிர்காலத்தில் உலர இரண்டு நாளாயிற்று. எனவே வீண் செலவு என்று எழுதவும் இருந்தோம். அப்பொழுது, முதுகெலும்பு அறுவை முடிந்து மருத்துவமனையிலிருந்து வெளிவந்த மூதாட்டி ஒருவர் ஊர் திரும்பும் முன் மூன்று வாரம் நம் இல்லத்தில் படுக்கையாகக் கிடந்தார். பக்கம் புரட்டும்தோறும் மற்ற விரிப்புகள் அவர் தோலை உராய்ந்தன. அவர் மகள் வழுவழுப்பான அந்தச் சாட்டின் விரிப்பை மாற்றிப் போட்டாள். உராய்வின்றி அவரைத் திருப்ப முடிந்தது. முதுகில் புண் வரவில்லை. நாம் எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டோம். அவ்விரு விரிப்புகளும் அன்றுமுதல் தனியே துவைத்து மடித்து, எழ முடியாத நோயாளிகளுக்கென்று அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன.

சென்ற மார்கழியில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நம் இல்லத்தில் தங்கினார். காலையில் காப்பாளர் சென்றபோது அவர் கட்டில் விரிப்பு மடித்துத் தலைமாட்டில் இருந்தது. அவர் தரையில் தம் போர்வையை விரித்துப் படுத்திருந்தார். விரிப்பு பிடிக்கவில்லையோ என்று கேட்டார் காப்பாளர். “அதெல்லாம் இல்லீங்க. இது எங்க பக்கத்துத் தறித் துணிங்க. முப்பது வருசம் இதைத்தான் நெஞ்சேன். நெஞ்ச துணி மேல படுத்துப் பழக்கமில்லீங்க” என்றாராம். செய்தி கேட்டு நாமும் சென்று அவருடன் பேசினோம். அவர் விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஊடை ஒன்று விட்டுப்போன இடத்தை நகத்தால் காட்டினார். சுருக்கத்தைப் பற்றிக் கேட்டோம். கோரா நூலுக்கு அது இயல்பு என்றும், முதலிலேயே ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியபின் ஓரம் தைக்கவேண்டும் என்றும், நீளத்தைக் கூட்டிச் சொல்லி நெய்யச் செய்யலாம் என்றும் விளக்கினார். சாயம் போகாதிருக்க வெள்ளைக் கரையே வாங்குங்கள் என்பதும் அவர் யோசனையே. எண்ணூறு ரூபாயில் நெய்தவருக்கு என்ன கிடைக்கும் என்று வினவியபோது மட்டும் அவர் சிரித்துவிட்டு விரிப்பை மடிக்கத் தொடங்கினார்.

இவ்வாண்டு விருந்தினர் இல்லத்துக்குப் பன்னிரண்டு கைத்தறி விரிப்புகள் வாங்கச் செயற்குழு ஒப்புதல் அளித்துள்ளது. வழக்கமான 90 அங்குல நீளத்துக்குப் பதிலாக 100 அங்குலம், வெள்ளைக் கரை, ஓரம் தைக்காமல் அனுப்புக என்று சங்கத்தின் சார்பில் சென்னிமலைக்கு எழுதியிருக்கிறோம். ஓரம் தைக்கும் பணியை மகளிர் பிரிவினர் ஏற்றுள்ளனர். தையல் இயந்திரம் வைத்திருப்போர் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மாலை இல்லத்துக்கு வந்து உதவ வேண்டுகிறோம்.